எந்த அரக்கு? மாதிரிப் பலகையின் பௌதிகம்

மதுரையில் விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளில் இப்படி ஒரு காட்சியை நீங்கள் கவனித்திருப்பீர்கள். புடைவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி எடுக்க ஓர் அம்மாள் வந்திருக்கிறார். கடைக்காரர் எடுத்துப் போட்ட துணியைப் புடைவையின் மேல் வைத்துப் பார்க்கிறார். இரண்டும் ஒரே நிறம். ஆனாலும் அவருக்குத் திருப்தி இல்லை. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். "ஊஹும், இது சேராது. வேறே எடுங்க" என்கிறார். கடைக்காரர் கோபித்துக் கொள்வதில்லை. வாசலுக்குப் போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

அந்த அம்மாள் செய்தது ஒரு பௌதிகச் சோதனை. விளக்கொளியில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நிறங்கள், சூரிய ஒளியில் ஏன் வேறு வேறாகின்றன? இதற்கு விடை தெரிந்தால், ஒரு பொருளின் தோற்றத்தைப் பற்றி ஒருவர் மனத்திலுள்ள எண்ணத்தை இன்னொருவருக்குச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதும் தெரிந்துவிடும். அந்தக் கடினத்தைத் தாண்டுவதற்காக வடிவமைப்பாளர்கள் ஒரு பலகை செய்து வைத்துக் கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'ஸ்டைல் போர்டு' என்று பெயர். நாம் மாதிரிப் பலகை என்போம்.

மாதிரிப் பலகை என்பது முடிந்த படம் அன்று. ஒரு பொருளைச் செய்வதற்கு முன்னால், அது எந்த நிறங்களில், எந்தத் துணியில் அல்லது தாளில், எந்த வகை எழுத்தில், எப்படிப்பட்ட கோடுகளுடன் இருக்கப்போகிறது என்பதைத் துண்டு துண்டாக ஓர் அட்டையில் ஒட்டிக் காட்டுவது. செய்யச் சொல்கிறவரும் செய்கிறவரும் அதன் முன் நின்று, "இது இருக்கட்டும், அதை எடுத்துவிடலாம்" என்று பேசிக்கொள்ளலாம். வேலை தொடங்கவில்லை, ஆகவே மாற்றுவதற்குச் செலவும் இல்லை. புத்தகம் அச்சிடுகிறவர்கள், கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர்கள், வீட்டுக்குள் அலங்காரம் செய்கிறவர்கள், கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கம் வடிவமைக்கிறவர்கள் எல்லோருக்கும் இது பயன்படுகிறது.

"இதற்குப் பலகை எதற்கு? வாயால் சொன்னால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். சொல்லிப் பாருங்கள்! அரக்கு, மயில்கழுத்து, கிளிப்பச்சை, வெந்தய மஞ்சள், மாம்பழ மஞ்சள் என்று தமிழில் நிறப் பெயர்களுக்குக் குறைவில்லை. ஆனால் மாம்பழ மஞ்சள் என்றால் எந்த மாம்பழம்? கல்லாமையா, காசாலட்டா, இமாம்பசந்தா? நன்றாகப் பழுத்ததா, நேற்றுப் பறித்ததா? மதுரையில் 1916-ஆம் ஆண்டு பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி உடுத்தியதால் புகழ்பெற்ற நீலம் ஒன்று உண்டு. காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் அவருக்காக நெய்து கொடுத்த நிறம் அது. அதற்கு 'எம்.எஸ். நீலம்' என்றே பெயர் வந்துவிட்டது. இன்று நான்கு கடைகளில் எம்.எஸ். நீலம் கேட்டுப் பாருங்கள். நான்கு நீலங்களை எடுத்துப் போடுவார்கள். பெயர் அப்படியே இருக்கிறது. நிறம்தான் கைக்குக் கை மாறிவிட்டது.

இரண்டு நிறங்களை அருகருகே வைத்தால் மிக நுண்ணிய வேறுபாட்டைக்கூட நம் கண் கண்டுபிடித்துவிடும். இவ்வாறு பல இலட்சம் நிறங்களைப் பிரித்தறிய முடியும் என்று மதிப்பிடுகிறார்கள். ஆனால் ஒரு நிறத்தைப் பார்த்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து நினைவிலிருந்து இன்னொன்றோடு ஒப்பிடச் சொன்னால் அதே கண் தடுமாறுகிறது. கண் நல்ல ஒப்பீட்டுக் கருவி. நல்ல நினைவுக் கருவி அன்று. மாதிரிப் பலகையின் தேவை முழுவதும் இந்த ஒரு குறையிலிருந்து பிறந்ததுதான்.

இதில் பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்ச் சுங்குடியையே எடுத்துக்கொள்வோம். மதுரைச் சௌராஷ்டிர மக்கள் பல தலைமுறைகளாகச் செய்துவரும் புடைவை அது. 2005-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பருத்தித் துணியை விரல் நுனியால் சிறிது கிள்ளி எடுத்து, நூலால் இறுகச் சுற்றி முடிச்சிடுகிறார்கள். சாயத்தில் முக்கும்போது நூல் இறுக்கிய இடத்தில் மட்டும் சாயம் ஏறாது. முடிச்சின் உச்சி நனைந்துவிடுவதால், பிரித்துப் பார்க்கும்போது வெள்ளை வளையமும் அதன் நடுவே ஒரு சிறு நிறப் பொட்டுமாக இருக்கும். கைமுடிச்சுச் சுங்குடியை மெழுகு அச்சில் போட்ட சுங்குடியிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் இதுதான்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். புடைவையின் நீளம் 5.5 மீட்டர், அகலம் 1.15 மீட்டர் என்றால் பரப்பு ஏறத்தாழ 6.3 சதுர மீட்டர். 2 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் உடல் முழுவதும் வைத்தால், ஏறத்தாழ 16,000 புள்ளிகள். ஒரு முடிச்சுக்குப் பத்து விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,60,000 விநாடி, அதாவது 44 மணி நேரத்துக்கும் மேல். துணியை இரண்டாக மடித்துக் கட்டினாலும் 22 மணி நேரம். அத்தனை நேரமும் வீட்டுத் திண்ணையிலோ கூடத்திலோ உட்கார்ந்து ஒரு பெண் விரல் தேயக் கட்டிய முடிச்சுகள் அவை.

வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் போனில், "அரக்கு நிறத்தில் ஐம்பது புடைவை வேண்டும்" என்கிறார் என்று வைத்துக் கொள்வோம். சாயம் போடுகிறவர் தமக்குத் தெரிந்த அரக்கில் முக்கி அனுப்புகிறார். கடைக்காரர் பிரித்துப் பார்த்து, "நான் கேட்டது இந்த அரக்கு இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டால்? சாயத்தை ஊற்றிக் கழுவிவிட முடியாது. அடர்த்தியான நிறத்தின் மேல் வெளிர் நிறம் ஏற்றவும் முடியாது; முடிச்சுகளை அவிழ்த்தாகிவிட்டது, திரும்ப முக்கினால் புள்ளிகளும் சேர்ந்து சாயமேறிவிடும். ஐம்பது புடைவைகளின் உழைப்பும் துணியும் சாயமும் ஒரு சொல்லால் வீண். இருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேதனை. இருவர் மனத்திலும் அரக்கு இருந்தது. இரண்டும் வேறு அரக்கு.

"இப்போதுதான் கையில் போன் இருக்கிறதே, படம் எடுத்து அனுப்பிவிட்டால் போயிற்று" என்று உங்களில் சிலர் சொல்வது என் காதில் விழுகிறது. பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அதில் என்ன கோளாறு என்று பார்ப்போம்.

துணிக்கென்று தனியாக ஒரு நிறம் கிடையாது. விளக்கிலிருந்து வரும் ஒளியில் பல அலைநீளங்கள் கலந்திருக்கின்றன. துணியிலுள்ள சாயம் சிலவற்றை விழுங்கி, மற்றவற்றைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பி வந்ததைக் கண் வாங்கிக் கொள்கிறது. விளக்கு, துணி, கண் ஆகிய மூன்றும் சேர்ந்து உண்டாக்குவதே நிறம். மூன்றில் ஒன்றை மாற்றினாலும் நிறம் மாறும். போன் படத்தில் கண்ணின் இடத்தில் கேமரா உட்கார்ந்து கொள்கிறது. அது அறையின் வெளிச்சத்தைத் தானே ஊகித்து, 'வெள்ளை இதுவாகத்தான் இருக்கும்' என்று முடிவுகட்டி எல்லா நிறங்களையும் திருத்திவிடுகிறது. பக்கத்தில் மஞ்சள் சுவர் இருந்தால் ஒரு மாதிரி, வெள்ளைச் சுவர் இருந்தால் வேறு மாதிரி. பிறகு அந்தப் படம் இன்னொரு போனின் திரையில் தோன்றுகிறது. அந்தத் திரையின் பிரகாசமும் சாயலும் வேறு. தவிர, திரை தானே ஒளி விடுகிறது. துணி ஒளியை வாங்கித் திருப்புகிறது. ஆக, அனுப்பியவர் பார்த்த அரக்கு இத்தனை கை மாறிப் போய்ச் சேருகிறது. வடிவத்தைச் சொல்ல போன் படம் மிக நல்லது. நிறத்தை நம்பி ஐம்பது புடைவையை முக்குவதற்கு அது போதாது.

இனி, கடை வாசலில் நடந்த சோதனைக்கு வருவோம். நம் விழித்திரையில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. ஒவ்வொரு வகையும் ஒரு கணக்குப்பிள்ளையைப் போல. வந்து சேர்ந்த ஒளியின் எல்லா அலைநீளங்களையும் தன் தன் வழக்கப்படி மதிப்பிட்டு, ஒரே ஒரு கூட்டுத்தொகையை மூளைக்கு எழுதி அனுப்பும். எந்த அலைநீளம் எவ்வளவு வந்தது என்ற விவரத்தை அது அனுப்புவதில்லை. மூன்று கூட்டுத்தொகைகள், அவ்வளவுதான்.

மாட்டுத்தாவணிக் காய்கறி மார்க்கெட்டுக்கு இரண்டு பேர் போனதாக நினைத்துக் கொள்ளுங்கள். ஒருவர் பையில் தக்காளியும் கத்தரிக்காயும். மற்றவர் பையில் வெங்காயமும் முருங்கைக்காயும். இரண்டு பைக்கும் விலை 100 ரூபாய். தொகையை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டு பையும் ஒன்றுதான். மறுநாள் தக்காளி விலை ஏறிவிடுகிறது. அதே பைகளுக்கு இப்போது ஒரே விலை வருமா? வராது அல்லவா? பைகள் மாறவில்லை, விலைப்பட்டியல் மாறிவிட்டது.

இங்கே பை என்பது சாயம், விலைப்பட்டியல் என்பது விளக்கு. புடைவைக்கு ஒரு சாயம், ரவிக்கைத் துணிக்கு வேறு சாயம். டியூப் லைட்டின் 'விலைப்பட்டியலில்' இரண்டுக்கும் மூன்று கூட்டுத்தொகைகளும் ஒன்றாக வந்தன. சூரிய ஒளிக்குப் போனதும் தொகைகள் பிரிந்துவிட்டன. இத்தகைய நிறச் சோடிகளை 'மெட்டமர்' என்று பௌதிகத்தில் கூறுவர். ஒளிக்கு ஒளி மாறும் சோடி என்று நாம் சொல்லலாம்.

விளக்குகளின் விலைப்பட்டியலை நீங்களே பார்க்கலாம். வீட்டில் பழைய சி.டி. ஒன்று இருந்தால் போதும். அதன் பளபளப்பான பக்கத்தைச் சற்றுச் சாய்த்து, அதில் விளக்கின் பிரதிபலிப்பைப் பாருங்கள். பழைய டியூப் லைட்டானால் நிறமாலை தொடர்ச்சியாக இராது. பாதரச ஆவிக்குரிய 546 நானோமீட்டர்ப் பச்சையும் 436 நானோமீட்டர் ஊதாநீலமும் தனியே பளிச்சென்று தெரியும். எல்.இ.டி. விளக்கில் 450 நானோமீட்டர் அருகே நீலம் பலமாக இருக்கும். அதற்கடுத்த நீலப்பச்சைப் பகுதி மங்கலாக இருக்கும். பகல் வெளிச்சத்தில் எல்லா நிறமும் இடைவெளியின்றி வரும். சூரியனை நேராகவோ சி.டி.யிலோ பார்க்க வேண்டாம், கண்ணைக் கெடுக்கும். வெள்ளை மேகத்தைப் பார்த்தால் போதும்.

ஆகவே மாதிரிப் பலகைக்கு நான் முதலாவதாகச் சொல்லும் விதி, அந்தப் பொருள் எந்த ஒளியில் பார்க்கப்படுமோ அந்த ஒளியில் பலகையைப் பார்க்க வேண்டும் என்பது. கல்யாண மண்டபத்தில் இரவில் உடுத்தும் புடைவையை மண்டப விளக்கில் பாருங்கள். பள்ளி மைதானத்தில் பறக்கப் போகும் கொடியை மைதானத்தில் பாருங்கள். பெரிய துணி ஆலைகளில் இதற்கென்றே ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். உட்புறம் சாம்பல் நிறம் பூசியிருக்கும். பகலொளி போன்ற விளக்கு, கடை விளக்கு, மஞ்சள் பல்பு என்று பொத்தானை அழுத்தி மாற்றிப் பார்க்கலாம். பெட்டி இல்லாதவர்களுக்குக் கடை வாசல் இருக்கிறது.

உட்புறம் ஏன் சாம்பல் நிறம்? இதற்கு ஒரு நல்ல கதை உண்டு. பாரிஸ் நகரில் கோபலின் என்ற அரசாங்கத் திரைச்சீலைத் தொழிற்கூடம் இருந்தது. அங்கே சாயப் பிரிவுக்குத் தலைவராக 1824-இல் செவ்ரேல் என்ற ரசாயன விஞ்ஞானி நியமிக்கப்பட்டார். 'இங்கே போடும் கறுப்புச் சாயம் சரியில்லை. நீல, ஊதாத் துணி மடிப்புகளின் நிழலுக்கு நெய்தால் சோர்ந்து தெரிகிறது' என்று ஒரு புகார். செவ்ரேல் பல ஊர்க் கறுப்பு நூல்களை வரவழைத்து ஒப்பிட்டார். தம் கூடத்துக் கறுப்பில் ஒரு குறையும் இல்லை! அப்படியானால்? நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் இருந்ததால்தான் கறுப்பு அப்படித் தெரிந்தது. குறை சாயத்தில் இல்லை. பக்கத்து நிறத்தில் இருந்தது. இதை ஆராய்ந்து 1839-இல் அவர் வெளியிட்ட நூல், ஓவியர்களும் நெசவாளர்களும் தேடிப் படித்த நூலாயிற்று. (மனிதர் 102 வயது வாழ்ந்தார் என்பது இதற்குச் சம்பந்தமில்லாத செய்தி; ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.)

நீங்களும் செய்து பாருங்கள். ஒரே சாம்பல் நிறத் தாளிலிருந்து இரண்டு சிறு சதுரங்கள் வெட்டுங்கள். ஒன்றை நல்ல சிவப்புத் தாளின் நடுவிலும், மற்றொன்றைப் பச்சைத் தாளின் நடுவிலும் வையுங்கள். சிவப்பின் மேல் வைத்தது சற்றே பச்சைச் சாயலாகவும், பச்சையின் மேல் வைத்தது சற்றே சிவப்புச் சாயலாகவும் தோன்றும். இரண்டும் ஒரே தாளில் வெட்டியவை என்று உங்களுக்கே தெரிந்திருந்தும் கண் கேட்காது.

இதனால் மாதிரிப் பலகைக்கு இரண்டு காரியங்கள் கிடைக்கின்றன. ஒன்று, பலகையின் பின்னணி சாயலற்ற சாம்பல் நிறமாக இருப்பது நல்லது. மஞ்சள் அட்டையில் ஒட்டினால் எல்லா நிறமும் ஏமாற்றும். மற்றொன்று, பொருளில் எந்த நிறங்கள் ஒட்டி இருக்கப் போகின்றனவோ, பலகையிலும் அவை ஒட்டியே இருக்க வேண்டும். அதுவும் அதே விகிதத்தில்! இந்த விகிதத்தைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். உடல் நிறத்துக்கு ஒரு சதுரம், கரை நிறத்துக்கு அதே அளவில் ஒரு சதுரம் என்று ஒட்டிவிடுகிறார்கள். 115 சென்டிமீட்டர் அகலப் புடைவையில் இருபுறமும் 8 சென்டிமீட்டர்க் கரை என்றால் கரைகளின் பங்கு 100-க்கு 14 மட்டுமே. பலகையில் 20 சென்டிமீட்டர்த் துண்டு வைத்தால் ஒவ்வொரு கரைக்கும் 1.4 சென்டிமீட்டர்தான் வர வேண்டும். பாதிக்குப் பாதி ஒட்டிக் காட்டினால், பார்க்கிறவர் வேறொரு புடைவையை மனத்தில் நினைத்துக்கொண்டு தலையாட்டுவார்.

துண்டுகளும் நிஜப் பொருளாகவே இருக்க வேண்டும். துணிக்குத் துணி, தாளுக்குத் தாள். படத்தில் வரைந்த துணி போதாது. சாயப்பட்டறையில் ஒரு பழைய உண்மை உண்டு: முக்கி எடுத்த ஈரத் துணியைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யக்கூடாது. காய்ந்தால் வெளிறிவிடும். ஏன்? பருத்தி இழையின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. காற்றினுடையது 1. உலர்ந்த துணியில் இழைக்கு இழை காற்று நிற்கிறது. ஒவ்வொரு இழையின் பரப்பிலும், மேல் விழும் ஒளியில் 100-க்கு 4 பங்கு சாயத்தைத் தொடாமலே வெள்ளையாகத் திரும்பிவிடுகிறது. அந்த வெள்ளை, சாயத்தின் நிறத்தோடு கலந்து அதை வெளிறச் செய்கிறது. ஈரத் துணியில் காற்றின் இடத்தில் தண்ணீர். அதன் எண் 1.33. இழைக்கும் தண்ணீருக்கும் வேறுபாடு குறைவு. அங்கே திரும்பும் ஒளி 100-க்கு அரைப் பங்குக்கும் கீழே. ஒளி ஆழமாகப் புகுந்து பல இழைகளைக் கடந்து வெளிவருவதால் நிறம் ஆழ்ந்து தெரிகிறது. மழையில் நனைந்த செம்மண் கறுத்துப் போவதும் இதனால்தான். சாயமும் துணியும் அதேதான். இடையிலுள்ள காற்றை எடுத்துவிட்டுத் தண்ணீரை வைத்ததற்கே இத்தனை மாற்றம் என்றால், பட்டுக்குப் பதில் பருத்தியும், பருத்திக்குப் பதில் வழவழப்பான தாளும் வைத்தால் என்ன ஆகும் என்று ஊகித்துக் கொள்ளுங்கள்.

நிஜப் பொருளையே மாதிரியாக வைப்பதற்கு மதுரையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. பழைய ஆட்கள் ஹார்வி மில் என்று சொல்லும் மதுரா மில்ஸ் 1892-இல் தொடங்கப்பட்டது. 1974-இல் அது இன்னொரு நூல் கம்பெனியுடன் இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. அவர்களுடைய தையல் நூலுக்கும் பூத்தையல் நூலுக்கும் நிற அட்டைகள் உண்டு. அந்த அட்டையில் நிறங்களை அச்சடித்திருக்க மாட்டார்கள். நூலையே வரிசை வரிசையாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருப்பார்கள். தையற்காரர் துணியை அட்டையின் மேல் நகர்த்திக்கொண்டே போவார். நூல் துணியில் மறைந்து போகும் இடத்தில் நின்று, எண்ணைப் படிப்பார். அதற்குப் பிறகு பெயருக்கு வேலை இல்லை. எண்ணைச் சொன்னால் சென்னையிலும் அதே நூல், திருநெல்வேலியிலும் அதே நூல். எனக்குத் தெரிந்த மாதிரிப் பலகைகளில் இதற்கு இணையாகக் குழப்பமற்றது வேறொன்றில்லை.

நிறம் மட்டும் சரியானால் போதாது. எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப்படும் என்பதையும் பலகை சொல்ல வேண்டும். நல்ல கண்ணுக்கு, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரையிலான கோணத்தைப் பிரித்தறிய முடியும். இந்தக் கோணம் 10 மீட்டர் தூரத்தில் 3 மில்லிமீட்டர். அதாவது 3 மில்லிமீட்டர்ச் சுங்குடிப் புள்ளி, 10 மீட்டருக்கு அப்பால் தன் உருவத்தை இழந்து துணியோடு கரையத் தொடங்கும். வெள்ளையும் சிவப்பும் கலந்த ஒரே நிறமாகக் கண்ணுக்குத் தெரியும். 2 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் வெள்ளையின் பங்கு 100-க்கு 2-கூட இல்லை. பெரிய மாற்றம் தெரியாது. ஆனால் 6 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி என்று நெருக்கிக் கட்டினால் வெள்ளையின் பங்கு 100-க்கு 20 ஆகிவிடும். கையில் அடர்ந்த அரக்காக இருந்தது மேடையில் வெளிறிய சிவப்பாகிவிடும். சாயத்தின் மேல் பழி போடுவார்கள்!

மீனாட்சி அம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 52 மீட்டர் உயரம். தெருவில் நின்று உச்சியிலுள்ள சுதைச் சிற்பங்களைப் பார்க்கும்போது ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறைந்த நுட்பம் எதுவும் கண்ணுக்கு எட்டாது. குடமுழுக்குக்கு முன் அவற்றுக்கு வர்ணம் புதுப்பிக்கிறவர்கள் அருகில் நின்று பார்த்தால் உரத்த நிறங்களாகத் தெரிபவை, கீழே நிற்கும் நமக்கு ஒன்றோடொன்று கலந்து அடங்கித் தெரிகின்றன. கையகல அட்டையில் அழகாக இருக்கும் நிறக்கலவையைக் கோபுரத்துக்கு அப்படியே ஒப்புக்கொள்ளக்கூடாது.

எழுத்துக்கும் இதே கணக்குத்தான். ண, ழ, ஐ போன்ற எழுத்துகளில் சுழிகளுக்குள் இருக்கும் வெற்றிடமே எழுத்தைக் காட்டிக் கொடுக்கிறது. 30 மீட்டரிலிருந்து படிக்க வேண்டிய பெயர்ப்பலகையில் அந்த இடைவெளி 9 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சுழி அடைபட்டுப் போகும். மாதிரிப் பலகையில் எழுத்து வகையைக் காட்டும்போது 'அ'வை மட்டும் எழுதிக் காட்டி ஏமாறாதீர்கள். ணகரத்தையும் ழகரத்தையும் எழுதிச் சுவரில் மாட்டி, தூரத்தில் போய் நின்று பாருங்கள்.

உங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சியோ ஆண்டு விழாவோ வரும்போது ஒரு பலகை செய்து பார்க்கலாமே. 45-க்கு 60 சென்டிமீட்டர் அட்டை போதும். சாம்பல் நிறத் தாள் ஒட்டுங்கள். மேடைத் திரைக்கு வாங்கப் போகும் துணியில் ஒரு துண்டு, மேசை விரிப்பில் ஒரு துண்டு, தலைப்பு எழுதப் போகும் தாளில் அதே பெயிண்டால் எழுதிய இரண்டு சொற்கள், கோலமோ வேறு அலங்காரமோ போடப் போவதானால் அதில் ஒரு மூலை. இதற்கு மேல் வேண்டாம். நிறையச் சேர்த்தால் பலகை பொட்டலக் கடையாகிவிடும். எது முடிவு, எது அலங்காரம் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றுக்குப் பதில் இரண்டு மூன்று பலகைகள் செய்து தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். "பிடித்திருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக "நன்றாயிருக்கிறது" என்றே பதில் வரும். "இந்த மூன்றில் எது நம் விழாவுக்குப் பொருந்தும்? எதை எடுத்துவிடலாம்?" என்று கேளுங்கள். அப்போதுதான் அவர் மனத்திலுள்ள விழா வெளியே வரும்.

சுங்குடிக்காரரும் கடைக்காரரும் இதையே செய்யலாம். சாயமிட்டு, அலசி, காயவைத்த துணித் துண்டை இரண்டாக வெட்டி, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்ள வேண்டும். அதோடு நின்றுவிடாமல், 'இதைவிட வெளுக்கக்கூடாது, இதைவிடக் கறுக்கக்கூடாது' என்று இரண்டு எல்லைத் துண்டுகளும் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஏனென்றால் கையால் போடும் சாயம் தொட்டிக்குத் தொட்டி சிறிது மாறத்தான் செய்யும். அது தவறன்று. எவ்வளவு மாறலாம் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளாததுதான் தவறு. நான்கு விரல் அகலத் துணி மூன்று துண்டு. ஐம்பது புடைவையைக் காப்பாற்ற இவ்வளவு செலவு போதும்.

பலகையின் பின்புறம் என்ன துணி, எந்தச் சாயம், எத்தனை முறை துவைத்தது, எந்த விளக்கில் பார்த்து ஒப்புக்கொண்டது, எந்தத் தேதி என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பிறகு அதைச் சுவரில் மாட்டி வைக்கக்கூடாது. உறைக்குள் போட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். சூரிய ஒளியும் அதிலுள்ள புற ஊதாக் கதிர்களும் சாய மூலக்கூறுகளைச் சிதைத்துவிடும். ஒப்பிடுவதற்காக வைத்த மாதிரியே வெளுத்துப் போனால் எதை வைத்து ஒப்பிடுவது?

எந்தச் சாயம் எவ்வளவு வேகமாக வெளுக்கிறது என்பதை நீங்கள் வீட்டிலேயே அளக்கலாம். நான்கைந்து நிறத் துணித் துண்டுகளை ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றிலும் பாதியைக் கறுப்புத் தாளால் மூடுங்கள். அட்டையை வெயில் படும் ஜன்னலில் வையுங்கள். மதுரை வெயிலுக்கு அதிக நாள் காத்திருக்க வேண்டியதில்லை. வாரத்துக்கொரு முறை கறுப்புத் தாளைச் சற்றே தூக்கி, அதன் விளிம்பு துணியில் ஒரு கோடாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எந்தத் துணியில் அந்தக் கோடு முதலில் தோன்றியது, எத்தனையாவது நாளில் என்பதை அட்டையின் பின்னால் குறித்து வையுங்கள்.